சீனம் கற்க வருபவர்களுக்கு எந்த வீடியோவைக் காட்டுவது?

நெல்லை டவுனில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் பாளையங்கோட்டையில் என்னிடம் சீனம் படிக்க வருகிறார். வயது 54. சீனாவின் குவாங்சோவில் நடக்கும் கான்டன் வணிகக் கண்காட்சிக்கு இரண்டு தடவை போய்ச் சரக்கு பார்த்து வந்தவர். "விலையெல்லாம் கால்குலேட்டர்ல தட்டிக் காட்டியே முடிச்சிட்டேன் டீச்சர். ஆனா சரக்கு விக்கிற ரெண்டு பேரும் தங்களுக்குள்ள என்னமோ பேசிக்கிட்டாங்க. அது என்னன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் கொறச்சிருப்பேன்" என்றார் முதல் நாளில்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு பத்தாம் வகுப்புப் பெண். அவளுடைய அக்கா சீனாவில் மருத்துவம் படிக்கிறாள். அப்புறம் இரண்டு கல்லூரிப் பையன்கள். இந்த நான்கு பேருக்கும் எண்கள் சொல்லிக் கொடுக்க யூடியூபில் தேடி ஒரு வீடியோ போட்டேன். பாண்டா கரடி ஒன்று குதித்துக் குதித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பாடியது. அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் மரியாதையாகப் பார்த்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கடன் வாங்கிச் சரக்கு எடுத்து மூன்று பிள்ளைகளைக் கரையேற்றிய மனிதரை நான் பால்வாடியில் உட்கார வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். சீனம் சொல்லித்தரும் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பெரும்பாலானவை இரண்டு வகை ஆட்களுக்காக எடுக்கப்பட்டவை. ஒன்று, ஐந்து வயதுக் குழந்தைகள். இன்னொன்று, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். என் வகுப்பில் இரண்டு வகையும் கிடையாது.

இரண்டாவது வகையால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். இங்கேதான் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கிறார்களே, புரிந்துவிட்டுப் போகிறது என்று நானும் நினைத்தேன். பாடம் நடத்தும்போதுதான் சிக்கல் தெரிந்தது. சீனத்தில் அப்பாவுக்கு 'பாபா'. ஆங்கில எழுத்தில் அதை 'பி' (b) போட்டு எழுதுவார்கள். 'பாய்' (boy) என்ற ஆங்கிலச் சொல்லில் வரும் முதல் ஒலி என்று வீடியோ சொல்லும். அது சரியில்லை. சீனர்கள் சொல்வது நம்முடைய 'பல்', 'பழம்' இவற்றில் வருகிற சாதாரணப் பகரம். தமிழ்ப் பிள்ளைக்கு அது பிறவியிலேயே வரும். ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு வருகிற பிள்ளை அதைக் கெடுத்துக்கொண்டு வருகிறது.

நமக்குக் கஷ்டம் வேறு இடத்தில். 'பயப்படு' என்பதற்கும் 'பா' என்றுதான் சொல்வார்கள், ஆனால் மூச்சைத் தள்ளிச் சொல்ல வேண்டும். தமிழில் அந்த மூச்சுக்கு எழுத்தே கிடையாது. வகுப்பில் நோட்டிலிருந்து ஒரு துண்டுத்தாள் கிழித்து வாய்க்கு முன்னால் தொங்கவிடச் சொல்வேன். சீனத்தில் 'அப்பா' சொல்லும்போது தாள் ஆடக் கூடாது. 'பயம்' சொல்லும்போது ஆட வேண்டும். அண்ணாச்சி பத்து நிமிஷம் தாளோடு மல்லுக்கட்டி, அது படபடவென்று ஆடியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இதை நமக்காகச் சொல்லித்தரும் ஒரு வீடியோ இன்றுவரை என் கண்ணில் படவில்லை.

ழகரமும் அப்படித்தான். சீனத்தில் 'மனிதன்' என்ற சொல் 'ழென்' என்பதற்கு மிக அருகில் ஒலிக்கும். ஆங்கில வீடியோக்கள் அந்த ஒலியைப் புரியவைக்கப் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ழகரம் சுத்தமாக வருகிறவருக்கு இது முதல் நாளே வந்துவிடுகிறது. நம் பக்கத்தில் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றே சொல்லிப் பழகியவர்கள் நிறைய. அவர்களுக்கு மட்டும் முதலில் ழகரத்தைத் திருத்திவிட்டுச் சீனத்துக்குப் போகிறேன்.

உறவுமுறை வந்தால் இன்னும் வேடிக்கை. சீனத்தில் அக்காவுக்கு 'ஜியெஜியெ', தங்கைக்கு 'மெய்மெய்'. அப்பாவின் அண்ணன் வேறு, தம்பி வேறு. இதை ஆங்கிலத்தில் விளக்கப் படமெல்லாம் வரைகிறார்கள். நான் "பெரியப்பா, சித்தப்பா" என்றேன், பாடம் முடிந்தது. கேட்கிறவரைச் சேர்த்துச் சொல்லும் 'நாம்', சேர்க்காமல் சொல்லும் 'நாங்கள்' இரண்டுக்கும் பெய்ஜிங் பக்கத்தில் தனித்தனிச் சொல் உண்டு. தெரிந்தவரைப் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற வழக்கமும் உண்டு. இவ்வளவு ஒட்டியிருக்கிற இரண்டு மொழிகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு மொழி எதற்கு?

முதல் வகுப்பில் நான் ஒரு கல்வெட்டின் படத்தைக் காட்டுவேன். 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். 1911இல் காலி நகரில் கிடைத்து, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லில் நம் மொழியும் அவர்கள் மொழியும் நேருக்கு நேர் இருக்கின்றன.

சரி, நல்ல வீடியோவே இல்லையா என்றால், இருக்கிறது. சீன அரசுத் தொலைக்காட்சி பதின்வயதினருக்காக எடுத்த 'குரோயிங் அப் வித் சைனீஸ்' 100 பகுதிகள் கொண்டது. சீனாவுக்கு வரும் ஒரு வெளிநாட்டுப் பையன், அவன் தங்கும் வீடு, கடை, பள்ளிக்கூடம். நாடகக் காட்சிகள் சின்னவை, தெளிவானவை. நடுநடுவே ஆங்கில விளக்கம் வரும்போது சத்தத்தை நிறுத்திவிட்டுத் தமிழில் நான் பேசுவேன். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அண்ணாச்சிக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை.

அவருக்கு ஒட்டியது வேறு. யாரோ ஒரு பயணி எடுத்த வீடியோவிலிருந்து 40 வினாடி மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன். காலை நேரம், தெருவோரக் கடை. மூங்கில் தட்டைத் திறந்ததும் ஆவி பறக்கிறது, உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த பாவோத்ஸ. வாங்க வந்தவர் "துவோஷாவ் ச்சியென்?" என்று விலை கேட்கிறார். கடைக்கார அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் "லியு குவாய்" என்கிறாள். ஆறு ரூபாய் என்கிற மாதிரி. அவர் போனைக் காட்டுகிறார். அடுத்த வினாடி கடையிலிருக்கும் பெட்டி "லியு யுவான்" வந்துவிட்டதென்று அறிவிக்கிறது. நம் டீக்கடைகளில் பணம் வந்ததைச் சொல்லும் அதே மாதிரிப் பெட்டி.

அண்ணாச்சிதான் கண்டுபிடித்தார். "டீச்சர், அந்தம்மா குவாய்ங்கா, பெட்டி யுவான்ங்குது. ரெண்டும் ஒண்ணா?" ஒன்றுதான். எழுத்தில் யுவான், பேச்சில் குவாய். பாண்டா கரடி இதைச் சொல்லித் தந்திருக்குமா? கண்காட்சியில் அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டதில் குவாய் என்ற சொல் பத்துத் தடவையாவது வந்ததாக அவருக்கு இப்போது ஞாபகம் வருகிறது.

அந்த 40 வினாடியை முதல் தடவை சத்தமில்லாமல் போடுவேன். என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கச் சொல்வேன். பிறகு சத்தத்தோடு, வேகத்தைக் குறைத்து. கீழே எழுத்து ஓடினால் அட்டையை வைத்து மறைத்துவிடுவேன், இல்லாவிட்டால் எல்லோரும் காதை மூடிக்கொண்டு கண்ணால் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு இந்த 40 வினாடி தாராளமாகப் போதும். நீளமான வீடியோ போட்டால் ஆசிரியருக்கு ஓய்வு கிடைக்கும், அவ்வளவுதான்.

தொனிகளுக்கு, அதாவது ஒரே அசையின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களுக்கு, மட்டும் வீடியோவை நம்புவதில்லை. நான்கு தொனிகளுக்கும் அம்புக்குறி போட்டு விளக்கும் வீடியோக்கள் எக்கச்சக்கம். பார்க்கிறவர் கண் அம்பைப் பார்க்கும், காது தூங்கும். நம்மிடம் 'ம்' இருக்கிறது. கதை கேட்கும்போது ஒரே சீராக இழுக்கும் 'ம்', "என்ன சொன்னே?" என்று மேலே ஏறும் 'ம்?', நம்பாமல் இறங்கி ஏறும் 'ம்ம்', "சரி, போ" என்று வெட்டி இறக்கும் 'ம்!'. நான்கும் ஆச்சிமார் தினமும் பேசுவதுதான். அதன் மேல் 'மா' என்ற அசையை ஏற்றினால் அம்மா, சணல், குதிரை, திட்டு என்று நான்கு சொற்கள் வந்துவிடும்.

அரசுப் பக்கமிருந்து உதவி வரும் என்று நான் காத்திருக்கவில்லை. 2019இல் வந்த கல்விக் கொள்கை வரைவில் அயல்மொழிப் பட்டியலில் சீனம் இருந்தது. 2020இல் இறுதிக் கொள்கை வந்தபோது இல்லை. அதே ஆண்டு ஜூனில் 59 சீனச் செயலிகள் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன, சீனர்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வீசாட்டும் அதில் ஒன்று. என்னிடமிருக்கும் சீனப் பாடநூல் ஒன்றில் வீடியோவுக்கான கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் அது வீசாட்டைத்தான் கேட்கிறது. இந்திய சீன எல்லையில் அப்போது நடந்த மோதல் சின்ன விஷயமில்லை, எனக்கும் அந்த வலி உண்டு. ஆனால் வியாபாரத்துக்கும் படிப்புக்கும் அங்கே போய்வரும் நம் ஆட்கள் ஊமையாக நிற்பதில் யாருக்கு என்ன லாபம்?

அதனால் ஒரு வேண்டுகோள். சீனாவில் படிக்கிற, வேலை பார்க்கிற நெல்லைச் சீமைப் பிள்ளைகள் இதைப் படித்தால் எனக்காக ஒரு நிமிஷத்துக்குள் வீடியோ எடுத்து அனுப்புங்கள். ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடம், மருந்துக்கடை, பஸ் ஸ்டாப், எதுவானாலும் சரி. பேசுகிறவரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். மெதுவாகப் பேசச் சொல்லாதீர்கள், பாட்டு சேர்க்காதீர்கள், ஆங்கிலத்தில் விளக்காதீர்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் சீனமும் தமிழும் சேர்ந்திருக்கும் நான்கு மொழி அறிவிப்புப் பலகைகளை எடுத்து அனுப்பினாலும் பெரிய உதவி.

கண்காட்சி வழக்கம்போல அக்டோபர் 15இல் தொடங்கும். அண்ணாச்சி டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் ஹார்டுவேர் கடையில் இரண்டு பேர் விலை பேசுகிற வீடியோ ஒன்று வேண்டும்.