பூட்டுப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம்

அண்ணே, இணையதள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பிப் பணம் கட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது, பூட்டு சொல்வது அவ்வளவுதான். இதற்குப் பெயர் என்கிரிப்ஷன். மறுமுனையில் இருப்பது நல்லவனா, திருடனா என்று அது சொல்லாது. பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனும் வாங்கலாம். மக்கள் இப்படித் தப்பாக எடுத்துக்கொள்வதால்தான் கூகுள் குரோமில் 2023-ல் அந்தப் படத்தையே மாற்றினார்கள்.

தக்கலையில் என் சித்திக்கு, இன்றிரவு கரண்ட் கட் ஆகும் என்று ஒரு எஸ்எம்எஸ். லிங்கைத் திறந்தால் பூட்டு ஜம்மென்று இருந்தது. முகவரியின் தொடக்கத்தில் மின்வாரியத்தின் பெயர். ஆனால் https:// என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) சற்று முன்னால், முடிகிற இடத்தில், சம்பந்தமே இல்லாத வேறொரு பெயர். அந்தக் கடைசிப் பெயர்தான் தளத்தின் உண்மையான சொந்தக்காரர். இப்படி வேஷம் போட்டு ஏமாற்றுவதுதான் ஃபிஷிங். சித்தி கார்டு எண்ணைப் பாதி அடித்திருந்தார், நல்லவேளை என்னைக் கூப்பிட்டார்.

அப்புறம், பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் நீங்கள் எழுதுவதை அப்படியே நம்புகிறார்கள். பூட்டைப் பற்றிய அந்த வரியைத் திருத்திவிடுங்கள் அண்ணே.