ஓடைக்கரையில் புல் வெட்டுகிறவர்கள்

போன சனிக்கிழமை எங்கள் டர்பன் சாட்ஸ்வர்த் பகுதித் தெருவில் பக்கத்து வீட்டு அண்ணா, வெட்டிய புல்லையெல்லாம் மழைநீர் வடிகாலுக்குள் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். "மழை வந்தா இதெல்லாம் எங்கண்ணா போகும்?" என்றேன். "கீழ போயிடும், தம்பி." சரிதான். கீழே ஓடையோரம் தகரக் குடிசைகள் இருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாநகரம் 2019-இலேயே காலநிலைத் திட்டம் போட்டுவிட்டது. வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தும் இலக்கோடு ஆப்பிரிக்காவில் வந்த முன்னோடித் திட்டங்களில் ஒன்று. மூன்றே வருடத்தில் 2022 ஏப்ரல் வெள்ளம். நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். நகருக்கு வடக்கே டொங்காட்டில் குடிநீர் நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. முன்பு 40 வருடத்துக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய அந்த மழையை, புவி சூடானதால் இனி 20 வருடத்துக்கு ஒருமுறை எதிர்பார்க்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

திட்டம் வீண் என்று சொல்ல வரவில்லை. அதில் எது நிஜமாகவே வேலை செய்கிறது என்று பாருங்கள். பால்மியட் ஆற்றோரம் குவாரி ரோடு குடியிருப்பில் ஒரு வாட்ஸ்அப் குழு. அங்கே வாழும் மக்கள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாநகர அதிகாரிகள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். மேலே தண்ணீர் ஏறினால் கீழே செய்தி வந்துவிடும். 2019 ஏப்ரல் வெள்ளத்தில் அங்கே வீடுகள் போயின, ஆட்கள் முன்கூட்டியே வெளியேறிவிட்டார்கள். அப்புறம் 'சிஷ்லான்சிம்வேலோ'. ஜூலு மொழியில் 'சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்கிறோம்' என்று பொருள். ஓடைக்கரை மக்களே கூட்டுறவுக் குழுவாகச் சேர்ந்து, கூலி வாங்கிக்கொண்டு, புதர் வெட்டிக் குப்பை அள்ளுகிறார்கள். பாலத்தடி மதகு குப்பையால் அடைபடாவிட்டால் பாலம் தப்பிக்கும். இதில் ரிப்பன் வெட்ட ஒன்றும் இல்லை, அதனால்தான் பேச்சும் இல்லை. என்னைக் கேட்டால், பட்ஜெட்டில் முதல் வரியாக இந்தக் கூலி இருக்க வேண்டும்.

டர்பனில் இருக்கும் நம் ஆட்களுக்கு 1917 வெள்ளக் கதை தெரியும். உம்கேனி ஆறு பொங்கி, ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டக்காரர்களை அடித்துக்கொண்டு போனபோது, மாரிமுத்து படவட்டானும் ஐந்து மீனவர்களும் படகில் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். பெருமைதான். ஆனால் 1976-இல் அதே ஆறு, அதே ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த 'தகர டவுன்' குடியிருப்பை மறுபடி மூழ்கடித்தது. அங்கிருந்து டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதிக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள். இடையில் 59 வருடம் இருந்ததே?

அண்ணா பிறகு புல்லைக் கறுப்புப் பையில் கட்டிவிட்டார். பை இன்னும் அவர் கேட்டோரம்தான் கிடக்கிறது. நாளை மழை என்கிறார்கள்.