யாரோ போட்ட பதிவுக்கு நெட் கம்பெனிக்கு ஜெயிலா?

‘ஒருத்தர் தப்பான பதிவு போட்டால் நெட் கம்பெனிக்கும் ஜெயில், அதனால் நாம் அனுப்பும் எல்லாவற்றையும் அவர்கள் படிக்கிறார்கள்’ என்று சுற்றும் வாட்ஸ்அப் தகவல் தவறு.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு, தகவலைக் கொண்டுசேர்க்கும் நிறுவனம் பிறர் போட்ட பதிவுக்குப் பொறுப்பாகாதபடி பாதுகாப்பு தருகிறது. நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ வந்தும் சும்மா இருந்தால் அது பறிபோகும் என 2015-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே சட்டத்தின் 69ஏ பிரிவின்படி அரசு போடும் முடக்க உத்தரவை நிறுவனம் மீறினால் 7 ஆண்டு வரை சிறை உண்டு. அது வேறு விஷயம்.

கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்: பயத்தில் நிறுவனங்கள் அளவுக்கு மீறி முடக்குகின்றன. 2012-ல் ‘3’ படத்தின் திருட்டு நகலைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, நெட் கம்பெனிகள் விமியோ என்ற வீடியோ தளத்தையே முடக்கிவிட்டன. அந்தப் படம் இருக்கும் முகவரியை மட்டும் தடுத்தால் போதும் என்று நீதிமன்றமே ஜூனில் விளக்க வேண்டியதாயிற்று.