ஒண்டுதானே!

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு சின்னக் கடை. கம்பியில் வாழைக்குலை, பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டர். பின்னேரம் வேலை விட்டு வருகிறவர்கள் ஒரு பிளேன்டீயும் ஒரு சிகரட்டும் வாங்கி, லைட்டரை இழுத்துப் பற்றவைத்துவிட்டு நூலை விடுவார்கள். பெட்டியாக வாங்கி நான் கண்டது குறைவு.

சிகரட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் படத்தோடு எச்சரிக்கை இருக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். அந்த 80 சும்மா வரவில்லை. கம்பனி வழக்குப் போட்டு, நீதிமன்றம் அளவைக் குறைத்து, பிறகு 2015இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தித்தான் வந்தது. ஆனால் எங்கள் கடையில் அந்தப் படத்தைத் தினமும் பார்ப்பவர் கடைக்கார அண்ணை மட்டும்தான். அவருக்குப் புகைக்கிற பழக்கமே இல்லை!

போன வருசம் மாமாவுக்கு நெஞ்சுவலி. "சிகரட் பத்திறனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார். "முந்திப் பெட்டிக் கணக்கு. இப்ப ஒண்டுதான், சாப்பாட்டுக்குப் பிறகு." மாமி பெருமையோடு தலையாட்டினார். ஸ்டென்ட் வைத்தார்கள். அப்படிக் குறைத்ததற்கு மாமாவை நானும் மெச்சியிருக்கிறேன், அதுதான் உறுத்துகிறது.

ஏனென்றால் 141 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த கட்டுரை வேறு கதை சொல்கிறது. நாளுக்கு 20 சிகரட்டால் இதயத்துக்கு வரும் மேலதிக ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி, நாளுக்கு ஒரே ஒரு சிகரட்டிலேயே வந்துவிடுகிறதாம். இருபதில் ஒரு பங்கு என்ற நம்முடைய கணக்கு இதயத்திடம் செல்லாது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் இரத்தக்குழாயின் உட்சுவர் கெடவும் கொஞ்சப் புகை போதும். அடுத்தவர் விடும் புகைகூட. ஸ்கொட்லாந்தில் 2006இல் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தபின், ஒன்பது ஆஸ்பத்திரிகளில் பார்த்தபோது மாரடைப்பு போன்ற அவசர இதயநோயோடு வந்தவர்கள் 17 சதவீதம் குறைந்திருந்தார்கள்.

அதனால் சொல்கிறேன், ஒன்றொன்றாக விற்பதை நிறுத்தவேண்டும். பெட்டி கையில் இருந்தால் இன்னும் அதிகமாகப் பற்றுவார்கள் என்பார்கள். சிலர் பற்றுவார்கள்தான். ஆனால் 21 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியும், டியூஷனுக்குப் போகிற பொடியனின் சட்டைப்பையில் ஒன்றுக்குக் காசு இருக்கும். பெட்டிக்கு இராது.

அண்ணையிடமே கேட்டேன், வியாபாரம் படுத்துவிடாதா என்று.

"படுக்கட்டும் தம்பி. ஒரு சிகரட்டுக்கு ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டுறாங்கள், சில்லறைக்கு நான் எங்க போறது?"