பொறுமையின் சிகரமாம்!

சென்ற சனிக்கிழமை கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மண்டபத்தில் மகளிர் தின விழா. நான் மகளிர் தினத்துக்காகப் போகவில்லை. அண்ணன் மகள் பரதம் ஆடினாள்; போகாவிட்டால் அண்ணி தீபாவளி வரை பேசமாட்டார்.

மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு பதாகை. நடுவில் குதிரை மேல் ஜான்சி ராணி, முதுகில் குழந்தை. இரண்டு பக்கமும் அன்னை தெரசா, இந்திரா காந்தி, கல்பனா சாவ்லா. கடைசிக் கட்டத்தில் ஒரு நடிகை. அவர் எப்படி வந்தார் என்று ஏற்பாட்டுக் குழுச் செயலாளர் தம்பியிடம் கேட்டேன். "ஒரு கட்டம் காலியாக இருந்தது அக்கா, அச்சகத்தில் அவர்களே போட்டுவிட்டார்கள்" என்றார். ஐவரில் ஒருவர்கூட இந்த மண்ணில் பிறந்தவர் இல்லை.

தலைமை தாங்கிய ஐயா நாற்பது நிமிடம் பேசினார். நல்ல குரல், நல்ல தமிழ். பெண் பொறுமையின் சிகரம் என்றார். பூமாதேவி என்றார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று மூன்று முறை சொன்னார். அந்த நாற்பது நிமிடமும் மகளிர் பகுதியைச் சேர்ந்த எட்டுப் பெண்கள் சமையற்கட்டில் மீகூன் தட்டுகளை மூடி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மகளிர் தின உரை மகளிர் காதில் விழவே இல்லை. சிகரங்கள் எல்லாம் சம்பல் கிண்டிக்கொண்டிருந்தன.

ஐயாவை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். பிள்ளைகளின் இலவச டியூஷனுக்குத் தன் கைக்காசைப் போடுகிறவர். எனக்கு அவரோடு சண்டை இல்லை. அந்தச் சொல்லோடுதான்.

பொறுமை என்ற சொல்லை நாம் யாரிடம் சொல்கிறோம் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். புகுந்த வீட்டிலிருந்து அழுதுகொண்டு போன் செய்கிற மகளிடம் சொல்கிறோம். மருமகனிடம் சொல்வதில்லை. எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். இருபதாண்டுகளுக்கு முன்பு ஓர் அலுவலகத்தில் ஆறு வருடம் மேற்பார்வையாளர் வேலையை அந்தப் பதவியும் சம்பளமும் இல்லாமலே பார்த்தேன். கேட்ட போதெல்லாம் "பொறுமையாக இரும்மா" என்றார்கள். ஏழாவது வருடம், நான் கோப்பு பிரிக்கச் சொல்லிக்கொடுத்த பையன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். பாவம், அவன் முதல் நாள் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டான்.

ஆனால் வண்டி ஓட்டுகிறவரிடம் "பொறுமையாக இரு" என்று சொல்வதில்லை. "நிதானமாக ஓட்டு" என்கிறோம். கை ஸ்டியரிங்கில் இருக்கிறது, கால் பிரேக்கில் இருக்கிறது, போக வேண்டிய இடம் தெரியும், பதறாமல் போ என்று அர்த்தம். பொது வாழ்க்கையில் இருந்த பெண்களில் நான் யார் யாரை மனத்தில் வைத்துக் கும்பிடுகிறேன் என்று அன்று இரவு படுத்தபடி எண்ணிப் பார்த்தேன். எல்லாரிடமும் எனக்குப் பிடித்தது இந்த நிதானம்தான். அவர்களில் பொறுமைசாலி என்று சொல்லத்தக்கவர் ஒருவரும் இல்லை.

ஜானகி ஆதி நாகப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் வசதியான வீட்டில் 1925இல் பிறந்தவர். 1943இல் நேதாஜியின் பேச்சைக் கேட்டுவிட்டு, காதில் போட்டிருந்த வைரத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். வீட்டில் எதிர்த்தார்கள். அப்போது வயது 18. பொறுத்திருந்தால் அடுத்த ஆண்டு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகியிருக்கும். அவர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென்று இருந்த ஜான்சி ராணி படையில் சேர்ந்தார். படைத் தலைவி கேப்டன் லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார். 1945இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, பகலில் குண்டுக்குப் பயந்து பதுங்கி, இரவில் நடந்த அந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கிக் கூட்டி வந்தவர் அவர். திரும்பி வந்து 1946இல் இந்தியர்களின் கட்சியான ம.இ.கா. தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவரானார். பிறகு மேலவை உறுப்பினர். 2000இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 2014 மே மாதம் வரை இதே கோலாலம்பூரில் நம்மோடுதான் இருந்தார்.

ஜான்சி ராணியின் குதிரைக்குப் பதாகையில் அவ்வளவு பெரிய இடம். அந்த ராணியின் பெயர் தாங்கிய படையில் துப்பாக்கி பிடித்த கோலாலம்பூர்ப் பெண்ணுக்கு அச்சகக்காரர் காலியாக விட்ட அந்த ஒரு கட்டம்கூடக் கிடைக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது உண்மை.

அதே படையிலிருந்து வந்த இன்னொருவர் ராசம்மா பூபாலன். 1960இல் ஆசிரியைகளுக்கென்று தனியாகத் தொழிற்சங்கம் தொடங்கி அதன் முதல் தலைவரானவர். அப்போது ஒரே பள்ளியில் ஒரே வகுப்புக்குப் பாடம் நடத்திய ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். அந்தக் காலத்தில் ஆசிரியையாக இருந்த என் அத்தை, மாதக் கடைசியில் பால் கணக்கு எழுதும் நோட்டில் பக்கத்து வகுப்பு வாத்தியாரின் சம்பளத்தையும் தன் சம்பளத்தையும் அடுத்தடுத்து எழுதி, வித்தியாசத்துக்கு அடியில் இரண்டு கோடு போட்டு வைப்பாராம். யாரிடமும் காட்டியதில்லை. அரசாங்கப் பணியில் பெண்களுக்குச் சம ஊதியம் என்பது 1969இல்தான் வந்தது. அத்தை கோடு போட்டதோடு நின்றுவிட்டார், ராசம்மா நிற்கவில்லை.

நிக்கோல் டேவிட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். (பாருங்கள், எனக்கே அந்தச் சொல் வருகிறது.) பினாங்குப் பெண், அப்பா இந்திய வம்சாவளி, அம்மா சீனர். ஸ்குவாஷில் 2006 ஆகஸ்ட் தொடங்கி 108 மாதங்கள், ஒரு மாதம்கூட விடாமல் உலகின் முதல் இடம். உலகப் பட்டம் எட்டு முறை. எண்கள் எல்லாருக்கும் தெரியும். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே ஒரு ஆட்டத்தை: 2014 டிசம்பர், கெய்ரோ, உலகப் பட்டத்துக்கான இறுதிச் சுற்று. எதிரே ரனீம் எல் வெலிலி. ரனீம் எகிப்துக்காரர், ஊரும் அவருடையது, கூட்டமும் அவருடையது. மூன்று செட்டில் இரண்டை ரனீம் எடுத்துவிட்டார். நான்காவது செட்டில் பத்துக்கு ஆறு. இன்னும் ஒரே ஒரு புள்ளி கொடுத்தால் நிக்கோல் கதை முடிந்தது.

அந்த இடத்தில் ஒலியைக் குறைத்துவிட்டு அவர் முகத்தை மட்டும் பாருங்கள். ஆறுக்குப் பத்து என்பது அந்த முகத்தில் எங்கேயும் எழுதியிருக்காது. ஒரு புள்ளி எடுத்தார். இன்னொன்று. பத்துக்குப் பத்து. பதினான்குக்குப் பன்னிரண்டில் அந்த செட்டைப் பிடுங்கினார், ஐந்தாவதைப் பதினொன்றுக்கு ஐந்தில் முடித்தார். எப்போது பார்த்தாலும் பத்துக்கு ஆறு வந்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு எதற்கு வியர்க்க வேண்டும் என்று என் கணவர் கேட்பார். அடுத்த ஆண்டு நிக்கோல் முதலிடத்தை இழந்தார். அந்த இடத்துக்கு வந்தவர் அதே ரனீம்தான்.

ஒலிம்பிக்கில் அவர் ஆடவே இல்லை, ஏனென்றால் ஸ்குவாஷ் அங்கே இல்லை. 2019இல் அவர் மட்டையை வைத்துவிட்டார். 2028 லாஸ் ஏஞ்சலஸில் முதல் முறையாக ஸ்குவாஷ் வருகிறது. அதற்கு நம் ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி போகவேண்டும் என்பது என் ஆசை. 2022இல் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து, மறு ஆண்டே ஹாங்சோவ் ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வாங்கிய பெண். அவருக்கும் பதாகையில் இடமில்லை, சொல்லிவிட்டேன்.

அம்பிகா சீனிவாசனைப் பற்றிச் சொன்னால் அரசியல் பேசுகிறாள் என்பீர்கள். பேசுகிறேன். 2011 ஜூலை 9, தூய்மையான தேர்தல் கேட்டு அவர் தலைமையில் நடந்த பெர்சே பேரணி. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் அக்கா வீட்டில் அடைபட்டுக் கிடந்தேன், சாலைகள் மூடியிருந்தன. அன்று 1,600 பேருக்கு மேல் கைது, அம்பிகாவும் அவர்களில் ஒருவர். ஆனால் என் மனத்தில் நிற்பது மறு ஆண்டு நடந்தது. மே மாதம் ஒரு கூட்டம் அவர் வீட்டு வாசலில் பர்கர் கடை போட்டது. சில நாள் கழித்து, முன்னாள் இராணுவத்தினர் சிலர் அதே வாசலுக்கு வந்து, வீட்டை நோக்கித் தங்கள் பின்புறத்தைக் காட்டிக் குனிந்து உடற்பயிற்சி செய்தார்கள். நான் கிண்டல் செய்யவில்லை, அப்படியே நடந்தது. ஜூனில் ஒரு மக்களவை உறுப்பினர் அவரைத் தேசத்துரோகத்துக்காகத் தூக்கிலிடலாமா என்று அவையிலேயே கேட்டுவிட்டு, பிறகு அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றார். வழக்கறிஞர் மன்றத்துக்குத் தலைமை தாங்கிய பெண்ணுக்கு இந்த மரியாதை.

என் வாசலில் ஒருவர் அப்படிக் குனிந்திருந்தால் வாளித் தண்ணீர் நிச்சயம் ஊற்றியிருப்பேன். ஒருவேளை சுடுதண்ணீர். அம்பிகா சட்டம் பேசினார், பேட்டி கொடுத்தார், அடுத்த நாள் வேலையைப் பார்த்தார். கண்ணியம் என்ற சொல்லுக்கு அதுவரை எனக்குச் சேலைக் கொசுவம்தான் நினைவுக்கு வரும்.

இங்கே நானே சறுக்கிய கதையையும் சொல்லவேண்டும். என் குளிர்பதனப் பெட்டிக் கதவில் மியன்மார்த் தலைவி ஆங் சான் சூச்சியின் படம் பல ஆண்டுகள் ஒட்டியிருந்தது. 1991இல் நோபல் பரிசு, வீட்டுக்காவலில் பதினைந்து ஆண்டுகள், கூந்தலில் எப்போதும் ஒரு பூ. நிதானம் என்றால் அவர்தான் என்று நினைத்திருந்தேன். 2019 டிசம்பரில் ஹேக் நீதிமன்றத்தில், ரோஹிங்கியா மக்களுக்கு நடந்தது இனப்படுகொலை இல்லை என்று தன் நாட்டின் சார்பில் அவரே வந்து வாதாடினார். அதே நிதானம். கூந்தலில் அதே பூ. எங்கள் அடுக்குமாடிக் கீழே புல் வெட்டுகிற பையன் ரோஹிங்கியா. அவன் என்னிடம் தண்ணீர் கேட்டு வரும் போதெல்லாம் அந்தக் கதவைத் திறந்துதான் பாட்டில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். படத்தைக் கிழித்தேன், கதவில் நான்கு மூலையிலும் பசைத்தடம் இன்னும் இருக்கிறது. 2021இல் இராணுவம் அவரையே மறுபடி சிறை வைத்தது. மனம் கனத்தது. ஆனாலும் படத்தைத் தேடி ஒட்டவில்லை.

அந்த இடத்தில் ஒட்ட வேண்டியவர் ஐரின் பெர்னாண்டஸ். சுங்கை பட்டாணிக்காரர், ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், ஆசிரியை வேலையை விட்டுவிட்டு வந்தவர். 1991இல் பெண்களுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் துணை நிற்கும் தெனாகானித்தா அமைப்பைத் தொடங்கினார். 1995இல் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பசியிலும் நோயிலும் சாவதை அறிக்கையாக எழுதினார். முகாமைத் திருத்துவதற்குப் பதிலாக எழுதியவர் மேல் வழக்குப் போட்டார்கள். ஏழாண்டுக்கு மேல் விசாரணை. 2003இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் 2008இல் விடுதலை. இடையில் எத்தனை முறை நீதிமன்றப் படி ஏறி இறங்கியிருப்பார்! வழக்கு நடந்த காலம் முழுவதும் அலுவலகத்தைத் திறந்துதான் வைத்திருந்தார். பர்மாக்காரர், வங்காளதேசி, இந்தோனேசியப் பணிப்பெண் என்று எல்லாருக்கும் அவர் ஐரின். நம் ஆட்களில் பலருக்கு இன்னும் அவர் யாரென்று தெரியாது. 2014 மார்ச் 31இல் ஐரின் போனார். ஆறு வாரத்துக்குள் ஜானகியும் போனார். இரண்டு மரணத்துக்கும் சேர்த்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்திகூட வரவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மாதம் யாரோ ஒரு நடிகையின் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை செயலாளர் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் ஆறு படங்கள் அனுப்பினேன். அடுத்த வருடப் பதாகைக்கு இவர்களைப் போடுங்கள் என்று எழுதினேன். ஒவ்வொருவர் பெயரும் தமிழில் கீழே கொடுத்திருந்தேன். மாலை வரை பதில் இல்லை. பிறகு வந்தது:

"அக்கா, ஸ்குவாஷ் இரண்டு பேரும் சரி. மற்ற படங்கள் எல்லாம் மங்கலாக இருக்கின்றன. பெரிதாக இருந்தால் அனுப்புங்கள். அந்தச் சீருடை போட்டவர் யார்? ஐயா கேட்கிறார்."

உடனே போனை எடுத்தேன். எழுதி அனுப்பினால் ஐயா படிக்கமாட்டார்.