சந்தா கேட்காத இடம்

போன மாதம் இலங்கை மலையகத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் பத்திரிகை மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா வந்து பக்கத்தில் நின்றார். கையில் சொப்பிங் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் கடதாசிகள். "தம்பி, இதை நிரப்பித் தர முடியுமா?" என்றார். ஊழியர் சேமலாப நிதிக்கான விண்ணப்பம், வேலை செய்த காலத்தில் சேர்ந்த பணத்தை எடுப்பதற்கு.

பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். இவருக்கு 56. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், வீட்டில் கூப்பிடும் பெயர். எழுதியது யாரோ, அலைவது இவர். நூலகர் எழுந்து வந்து, எல்லாப் பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக் கடதாசி எப்படி முடிப்பது, எந்தச் சமாதான நீதவானிடம் போவது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த பிள்ளைகள் வரிசையில் காத்து நின்றார்கள்.

இப்படி உதவுவதற்கென்றே ஆள் வைத்த நூலகமும் உண்டு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009இல் முழுநேரச் சமூகப் பணியாளர் ஒருவரை நியமித்தது. பகலெல்லாம் நூலகத்தில் ஒதுங்கும் வீடற்றவர்களுக்குத் தங்குமிடமும் மருத்துவமும் கிடைக்க வழிகாட்டுவது அவர் வேலை. வீடில்லாமல் தவித்து மீண்டவர்களையே பிறகு சம்பளத்துக்கு எடுத்தார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். நம்மவருக்கு ஒழுகுகிற லயமாவது, தோட்டத்து வரிசை வீடாவது இருக்கிறது, கடதாசிதான் இல்லை.

இங்கே பொது நூலகங்களை நடத்துவது உள்ளூராட்சிச் சபைகள். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க அதுவே தடையாகக் காட்டப்பட்டது. நூலகம் டவுனில், ஜனம் மலையில்.

தொழிற்சங்க அலுவலகத்திலும் உதவி கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் சந்தா எந்தச் சங்கத்துக்கு என்ற கேள்வி முதலில் வரும். தோட்ட ஆபீசில் வாய் திறந்தால் மாலைக்குள் லயம் முழுக்கத் தெரியும். நூலகத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனைப் பற்றிச் சொல்ல வருகிறவளுக்கு அந்தச் சாக்கு பெரிய துணை.

பிரதேச செயலகங்களில் சமூக சேவை உத்தியோகத்தர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்? ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் உட்காரட்டும். அன்றைக்குத்தான் தோட்டத்து ஜனம் டவுனுக்கு இறங்கும். மற்ற நாளில் வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். அவர் தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று தனியாக எழுத வேண்டியிருக்கிறதே! கதவைச் சாத்தக்கூடிய ஒரு சின்ன அறையும் வேண்டும். பத்திரிகை மேசையில் பேசினால் ஊரே காது கொடுக்கும். அன்று நானே கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

நூலகம் படிக்கிற இடம், அதை அரசாங்கக் கச்சேரியாக்காதே என்கிறார் ஒரு நண்பர். அவர் பயம் பாதி நியாயம். அதனால்தான் இந்தச் சுமையை நூலகர் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன். இன்று சம்பளமில்லாமல் அதைச் சுமப்பவர் அவர்தான்.

போகும்போது அந்த அம்மா, பேத்திக்குக் கதைப் புத்தகம் எடுக்கலாமா என்று கேட்டார். நூலகர் சந்தோஷமாக அங்கத்துவப் படிவத்தை நீட்டினார். பாதுகாவலரின் முழுப்பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"எந்தப் பெயரை எழுதுவது, தம்பி?"