நோயாளியின் கையில் கிரேயானைக் கொடுங்கள்

மருத்துவமனையில் கலை என்றால் குழந்தைகள் வார்டுச் சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி வரைவது என்றே நம் ஊரில் நினைக்கிறோம். மிஞ்சினால் விழா நாளில் ஒரு பாட்டுக் கச்சேரி. அவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். படுத்தே கிடப்பவருக்குக் கண்ணுக்கு இதமாக ஏதாவது தெரிவது நல்லது. ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ஒப்பிட்டு 1984இல் எழுதினார். ஜன்னலில் மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சரி, பார்ப்பதற்கே இவ்வளவு பலன் என்றால், நோயாளி தானே வரையவும் பாடவும் களிமண் பிசையவும் ஏன் வழிசெய்யக் கூடாது?

என் பெரியப்பா பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வைத்திருந்தவர். இப்போது டயாலிசிஸுக்காகப் புதுச்சேரிக்கு பஸ் ஏறுகிறார். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைக்கும் ஃபிஸ்டுலாவைப் பெரும்பாலும் அதிகம் புழங்காத கையில்தான் போடுவார்கள் என்பதால் அவருடைய வலது கை சும்மாதான் இருக்கும். ஃபேனைப் பார்த்தபடி கிடப்பார். என் பெண்ணின் கிரேயான் பெட்டியையும் ஒரு பரீட்சை அட்டையையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இந்த வயசுல இது எதுக்குடா" என்றவர், கொஞ்ச நேரத்தில் தோப்பை வரைய ஆரம்பித்தார். எந்த மூலையில் எந்தப் பலா, எது தாத்தா வைத்தது, 2011 டிசம்பரில் 'தானே' புயல் எவற்றைச் சாய்த்தது என்று ஒன்று விடாமல். "பச்சை தீந்துபோச்சு, வேற வாங்கிட்டு வா" என்று அவரே கேட்டார். எடை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு குடித்தீர்கள் என்று மட்டும் அவரிடம் கேட்டுவந்த நர்ஸ், "ஐயா, இது என்ன மரம்?" என்று கேட்டார். சிறுநீரகம் தேறிவிடவில்லை. ஆனால் அங்கே அவர் வெறும் கட்டில் எண்ணாக இருப்பது நின்றது. எனக்கு அது பெரிய விஷயம்.

கலை சிகிச்சை என்ற பேச்சே கட்டிலிலிருந்துதான் கிளம்பியது. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் காசநோயோடு சானடோரியத்தில் படுத்திருந்தபோது படம் வரைந்து தேறினார், பிறகு மற்ற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். 1942இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தவர் அவர். நம் கெடிலக்கரையில் வழங்கும் வரலாறு அதைவிடப் பழசு. சூலை என்ற கடும் வயிற்று வலி தாங்காமல் திருவதிகையில் பாடியதுதான் அப்பரின் முதல் பதிகம் என்பார்கள். பாடினால் கட்டி கரையும் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வலியில் இருப்பவருக்கு அதை வெளியே சொல்ல ஒரு வடிவம் தேவைப்படுகிறது என்பதுதான் என் கட்சி.

சில இடங்களில் பலன் இன்னும் நேரடியானது. பக்கவாதத்தில் பேச்சுப் போன சிலருக்கு, பேச முடியாத சொல் பாட்டில் வந்துவிடும். இதை வைத்தே மெட்டில் பேசப் பழக்கும் முறை 1970களில் உருவானது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைக்கு உடல்நலத்தில் பங்கு உண்டு என்றது. கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் இசை சிகிச்சைக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. இத்தனை பக்கத்தில் இருந்தும் நம்மில் பலருக்கு இது தெரியாது.

இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் ஒருவரை வார்டுக்கு அழைத்து வந்தால், விரல் பலமிழந்தவருக்குக் களிமண் பிசைவது நல்ல பயிற்சி. அதே ஈரமண்ணை, புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுத்து வெள்ளணுக்கள் குறைந்திருப்பவரிடம் கொடுத்தால் தொற்று வரலாம். ஒருவர் தொட்ட கிரேயானை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. மறந்திருந்த துக்கம் படத்தில் கிளம்பி ஒருவர் உடைந்து அழுதால் பக்கத்தில் இருக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதனால்தான் தன்னார்வலர்கள் ஒரு நாள் வந்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை. சம்பளத்தோடு, பயிற்சி பெற்ற நிரந்தர ஆள் வேண்டும்.

2021இல் வந்த துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையிலேயே கலை, நடன சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். சட்டம் ஏற்றுக்கொண்ட இவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் பணியிடம் உருவாக்க வேண்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் டயாலிசிஸ் பிரிவிலிருந்தே தொடங்கலாம். அந்த நோயாளிகள் எப்படியும் வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் அங்கேதான் இருக்கிறார்கள்.